மூன்று நீளம்

மின்சாரம் போய் வந்த பிறகு
அது எழும்பவில்லை.
பட்டனை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.
கோபத்தில் அமுக்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு
தடைக்கால நிவாரணப் பட்டியல்,
இருநூற்றுப் பதினேழு பெயர்,
வங்கிக் கணக்கெண்களோடு
நாகர்கோவிலில் இருக்க வேண்டும்.
எல்லாம் இதற்குள்ளே.

கடலுக்குப் போகாமல் நாற்பது நாளாய்
முட்டத்தில் கரையேறிக் கிடக்கிறான் கிளீட்டஸ்.
பழுதாகாத எதையும் இந்த வீட்டில் விட்டுவைக்கவில்லை.
மிக்சியைக் கழற்றினான். குழாயைக் கழற்றினான்.
இப்போது ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்கிறான்.
"மொதல்ல டீசல் இருக்கான்னு பாரு."

அவமானமாய் இருந்தது. சரியாகவும் இருந்தது.
எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மூன்றாம் துளையில்
தலை தொங்கி நின்றது பிளக்.
நடுத்துளைக்கு மாற்றியதும்
விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது,
திரை மட்டும்
மணவாளக்குறிச்சி மணலின் கறுப்பு.

அப்புறம் அது கூப்பிட்டது.
நீளமாய் ஒன்று. நீளமாய் ஒன்று. நீளமாய் ஒன்று.
கொஞ்சம் மூச்சு. திரும்பவும்.

நான் காதைப் பொத்தினேன், அவன் எண்ணினான்.
ராத்திரிக் கடலில் எந்த ஊர் லைட் ஹவுஸ் என்று
கண்டுபிடிப்பதும் அப்படித்தானாம்,
எத்தனை வெளிச்சம், நடுவில் எவ்வளவு இருட்டு.
"வெளக்கு பேரு சொல்லாது, எண்ணம்தான் சொல்லும்.
மூணு நீளம்னா இது எந்த ஊரு?"
"மெமரி" என்றேன்.

வயரைப் பிடுங்கினேன்.
இரும்புக் கூட்டைத் தொட்டு
உடம்பின் மின்சாரத்தை இறக்கிவைத்தேன்.
பக்கத் தகடு கழன்றதும்
தூசி, பல்லி முட்டை ஓடு,
எப்படியோ ஒரு மீன் செதில்.
யாரையும் விசாரிக்கவில்லை.
இரண்டு கொண்டியும் விலக
பட்டை கையோடு வந்தது,
பொன்பற்களில் பச்சை பிடித்து.
ஜன்னலுக்கு முந்நூறு அடியில் கடல்.
நங்கூரத்தைத் தின்கிற அதே உப்பு
இங்கே மிகச் சிறிய வாயோடு வந்திருந்தது.

மகளின் பென்சில் பெட்டியில்
ஸ்ட்ராபெரி மணக்கும் அழிரப்பர்.
ஒரே திசையில், மெதுவாக,
பிழையை அழிப்பதுபோல அல்ல,
காய்ச்சல்காரன் நாக்கை வழிப்பதுபோல.
துணியால் துடைத்துச் செருகி
இரண்டு பக்கமும் டக்கென்று கேட்கும்வரை அழுத்தினேன்.

சின்னதாய் ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
திரை விடிந்தது.

"தேதியப் பாரு" என்றான்.
2009, ஜனவரி ஒன்று.
பலகையின் நாணய பேட்டரி செத்துப்போனால்
இது தன் ஆதிநாளுக்கே திரும்பிப் போய்விடும்.
இதன் கணக்கில் நான் இன்னும்
சுங்கான்கடையில் படித்துக்கொண்டிருக்கிறேன்,
உங்களை யாரென்றே தெரியாது என்றேன்.
"அப்பம் போட்டு லோனும் எடுக்கல்ல" என்றான்,
வெகு சந்தோஷமாக.
சமையல் தராசின் வயிற்றைத் திறந்தேன்.
அதே பேட்டரி.
இனி இந்த வீட்டில் மிளகு கைக்கணக்கு.

பட்டியலைத் திறக்கும்போதுதான்
உள்ளிருந்து அந்தச் சத்தம்.
டிக். டிக். ஓர் இழுப்பு. டிக்.
எனக்குத் தெரியும் அது எது என்று.
அதற்கு அழிரப்பர் கிடையாது.
சொல்ல வாய் வரவில்லை.
அவன் குனிந்து பெட்டிமேல் காதை வைத்தான்,
நடுக்கடலில் எஞ்சின்மேல் வைப்பதுபோல.
"இந்தச் சத்தம் கேட்டா
மீனு கெடக்கான்னு பாக்கப்பிடாது.
வலைய அறுத்து விட்டுட்டு
கரையப் பாத்துப் போயிரணும்."

பென் டிரைவைச் செருகினேன்.
முதலில் பட்டியல்.
பிறகு மகளின் புதுநன்மைப் படங்கள்.
பாட்டுகளை விட்டேன். சினிமாக்களை விட்டேன்.
மீதி நாற்பது நிமிடம் என்றது,
உடனே ஆறு மணிநேரம் என்றது,
பிறகு நான்கு நிமிடம்.
வெளியே ஆனி மழை.
நாங்கள் பேசாமல்
டிக்கை எண்ணிக்கொண்டிருந்தோம்.